செவ்வாய்க்குச் சிவப்பு யார் போட்டது

1

நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் தம்பானூரில் இறங்கிவிடலாம். அந்தத் தூரத்துக்கு வந்தவள் புலம்பெயர்ந்த கதை எழுத உட்காருகிறாளே என்று ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகி, களியக்காவிளை செக்போஸ்ட்டைத் தாண்டி, திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் ஒரு மாடி வீட்டில் குடியேறி இந்த ஆவணியோடு பதினைந்து வருஷம் ஆகிறது. இன்றைக்கும் மழை பெய்தால் முதலில் எனக்கு எங்கள் ஊர் வீட்டு ஓடுதான் ஒழுகும்.

இங்கே எந்த ஆபீஸுக்குப் போனாலும் பாரத்தில் ‘ஸ்வதேசம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். நாகர்கோவில் என்று எழுதி நீட்டினால் கவுன்டரில் இருப்பவர் முகம் மலர்ந்து, “அது பண்டு நம்முடெதாயிருந்நல்லோ” என்பார். அது ஒருகாலத்தில் எங்களுடையதாகத்தானே இருந்தது என்று அர்த்தம். அடுத்த வார்த்தையிலேயே, வேறு மாநிலக்காரர்களுக்கு இந்தச் சர்ட்டிபிகேட் போதாது, இன்னொன்று வேண்டும் என்பார். சொந்தக்காரியாகவும் அந்நியக்காரியாகவும் ஒரே நிமிஷத்தில் ஆக்கப்பட்டு எத்தனையோ தடவை படி இறங்கியிருக்கிறேன்.

நான் சாலை பஜார் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். என் கணவர் ஒரு தனியார் ஆபீஸில் கணக்கர். ஒரே மகள் நித்யாவுக்குப் பதின்மூன்று வயது. அவளுக்கு ஸ்கூல் இங்கிலீஷில், கூட்டுகாரிகள் மலையாளத்தில். எனக்கென்று தமிழில் மிஞ்சியது சோறு, குளி, உறங்கு, அவ்வளவுதான். இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் உட்காரவைத்து ‘அ’னா ‘ஆ’வன்னா சொல்லிக்கொடுத்தேன். ‘ழ’ வரைக்கும் வந்தாள். அதற்குள் அவளுக்கு வேறு ஞாயிற்றுக்கிழமைகள் வந்துவிட்டன.

இதையெல்லாம் எழுத எனக்கு இந்த வருஷம்தான் கை வந்தது. காரணம் ஜெசிந்தா. இன்னொரு காரணம், செவ்வாய்க் கிரகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் ஒரு வண்டி.

2

ஜெசிந்தாவும் நானும் எம்.எஸ்ஸி.யில் ஒரே பெஞ்ச். நான் முதல், அவள் இரண்டாவது. இது பெருமைக்குச் சொல்வதில்லை. பதினைந்து வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லி இப்போது தானாக வந்துவிடுகிறது.

படிப்பு முடியும்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் அமெரிக்காவுக்கு பாரம் நிரப்பினோம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அவளுடைய பாரத்தையும் நானே எழுதினேன். பாஸ்போர்ட்டுக்கும் சேர்ந்தே போட்டோம். அவள் அப்பா கோட்டாறில் தையல்கடை வைத்திருந்தார். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், “எம் பிள்ளை படிக்கப் போறா சார்” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாராம். எங்கள் வீட்டுக்கும் அதே போலீஸ்காரர்தான் வந்தார். ஹெட்மாஸ்டரான என் அப்பா அவரை நாற்காலியில் உட்காரவைத்து, “பிள்ளைக்கு ஒரு இடம் ஒத்துவந்திருக்கு. பாஸ்போர்ட்டு ஒண்ணும் வேண்டாம்னு ஆயாச்சு, கேட்டேளா” என்றார். எனக்கே அப்போதுதான் தெரியும். நான் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் போலீஸ்காரர் குடித்துவிட்டுப் போன காப்பியைப் போட்டவள் நான்தான்.

ஜெசிந்தா போனாள். முதலில் மாசம் ஒரு கடிதம், பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு. அங்கேயே குடியுரிமை வாங்கினாள். அந்தச் சடங்கில் கையை உயர்த்தி நிற்கிற போட்டோ ஒன்று அனுப்பினாள். அதை அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். யாராவது வந்து ‘இது யாரு’ என்று கேட்டுவிடக் கூடாதே.

3

2004 ஜனவரி முதல் வாரத்தில் அவளிடமிருந்து மெயில் வந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவாள்.

“ஏட்டி செண்பகம், ஞாயித்துக்கிழமை காலையில உங்க நேரத்துக்குப் பத்து மணி வாக்குல எங்க வண்டி செவ்வாயில இறங்குது. நான் அதோட கேமராப் படத்துக்கு நிறம் சரிபண்ணுற கூட்டத்துல இருக்கேன். பெரிய ஆளெல்லாம் இல்ல, கடைசி வரிசை. படம் வந்ததும் நெட்டுல போட்டுருவாங்க, யாரு வேணும்னாலும் பாக்கலாம். நல்லபடியா இறங்கணும்னு வேண்டிக்கோ.”

வேண்டிக்கொள்ளவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அது விழுந்து நொறுங்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. ‘கடைசி வரிசை’ என்று அவள் எழுதியிருந்தது பொய்யாக இருக்கக் கூடாதே என்று மட்டும் நினைத்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் நித்யாவையும் கூட்டிக்கொண்டு கிழக்கேகோட்டையில் ஷீபாவின் இன்டர்நெட் கஃபேக்குப் போனேன். ஷீபா முப்பது வயதுக்காரி, தனியாக நின்று கடை நடத்துகிறவள். எங்களைப் பார்த்ததும் விசிறி இருக்கிற மூலைக் கம்ப்யூட்டரைத் தருவாள்.

படம் மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாக இறங்கியது. முதலில் வெறும் சாம்பல் வானம். பிறகு தூரத்தில் கோடு போல மேடுகள். அப்புறம் தரை முழுவதும் சின்னதும் பெரிதுமாகக் கற்கள், யாரோ கையால் அள்ளி வீசியது போல. கடைசியில் வண்டியின் விளிம்பும், விழும்போது அதைத் தாங்கிவிட்டுக் காற்று இறங்கிச் சுருங்கிக் கிடந்த பலூன் துணியும். நித்யா மூச்சு விடாமல் பார்த்தாள்.

“அம்மே, அங்க ஆருமே இல்லல்லோ.”

“இல்ல.”

“ஆருமே இல்லாத்த இடத்த நம்ம நோக்கிட்டு இருக்கோம்.”

அப்படிச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம், இந்தப் படத்தின் மேல் ஜெசிந்தாவின் கை பட்டிருக்கிறது என்பதுதான். நான் அப்போது பத்தாம் வகுப்புக்கு ஒளிவிலகல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன், அதே கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டு, பதின்மூன்றாவது வருஷமாக.

4

அதற்குப் பிறகு தினமும் கஃபே. வண்டி தன் மேடையிலிருந்து எப்போது தரைக்கு இறங்கும், கை போல இருக்கிற கம்பியை எப்போது நீட்டும் என்று நித்யாவுக்கு வேறு பேச்சே கிடையாது. பாறைகளுக்கு அங்கே இருக்கிறவர்கள் வைத்த பேர்கள் போதாமல் இவளும் தன் வகுப்புப் பெண்களின் பேரை வைத்தாள். ஷீபாவிடம் பிரின்ட் எடுத்து ஒரு நோட்டில் ஒட்டினாள்.

ஒருநாள் திடீரென்று கேட்டாள். “அம்மே, இதெல்லாம் கறுப்பும் வெளுப்பும் அல்லே? பின்ன பேப்பர்ல வந்த படத்துக்குச் சிவப்பு ஆரு போட்டது?”

நான் இயற்பியல் டீச்சர். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பல்கலைக்கழகத்தில் பேர் வாங்கியவள். “செவ்வாய் மண்ணுல இரும்புத் துரு இருக்கு, அதான் சிவப்பு” என்றேன்.

“அது அறியும். நான் கேட்டது, போட்டோவுக்கு ஆரு போட்டதுன்னு.”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். “நேரமாச்சு, எந்திரி” என்றேன்.

“ஜெசிந்தா ஆன்டிகிட்ட கேக்கட்டா? அவங்களோட பணியே அதல்லே?”

என் மெயில் பெட்டியிலிருந்தே இங்கிலீஷில் கேட்டு எழுதினாள். மறுநாளே பதில் வந்தது, முழுதாக ஒரு பக்கம். கேமராவுக்கு வெளிச்சம் கூடவா குறைவா என்று மட்டும்தான் தெரியும். அதன் முன்னால் ஒவ்வொரு நிறக் கண்ணாடியாக மாற்றிவைத்து ஒரே இடத்தைப் பல தடவை எடுப்பார்கள். பிறகு அதையெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ப்பார்கள். சேர்த்தது சரிதானா என்று பார்க்க வண்டியின் முதுகிலேயே நிற வில்லைகள் ஒட்டிய ஒரு சின்னத் தட்டு இருக்கிறது. அந்த நிறங்கள் பூமியில் அளந்து வைத்தவை. படத்தில் அந்த வில்லைகள் சரியாக வந்தால் கல்லும் மண்ணும் சரி. ‘சிவப்பைப் போடுகிறவர்களில் நானும் ஒருத்தி, ஆனால் இஷ்டத்துக்குப் போட முடியாது’ என்று முடித்திருந்தாள்.

நித்யா அதை மூன்று தடவை வாசித்தாள். கண்ணாடியும் வெளிச்சமும் நிறமும் நான் தினம் கரும்பலகையில் எழுதுகிற விஷயம்தான். என் மகள் ஒருநாளும் அதை இப்படிக் கேட்டதில்லை.

அப்புறம் வாரத்துக்கு மூன்று கடிதம் போயிற்று. சாப்பிடும்போது “ஜெசிந்தா ஆன்டி பறஞ்சு...” என்றுதான் பேச்சே தொடங்கும். என் கணவர் கூட ஒருநாள், “உன் கூட்டுகாரி பரவாயில்லையே, இவ்வளவு வேலைக்கு நடுவில பிள்ளைக்குப் பதில் போடுதாளே” என்றார். சாம்பாரில் உப்புக் கூடிப்போனது அன்றைக்கு.

5

ஸ்கூல் யூத் ஃபெஸ்டிவலுக்கு ‘ஒப்பன’ ஆட நித்யாவைச் சேர்த்துக்கொண்டார்கள், மலபார்க் கல்யாண வீடுகளில் கைதட்டிப் பாடி ஆடுவது. சாயங்காலம் ஆனால் ரிகர்சல். ஒருநாள் காலையில் மடித்த காகிதம் ஒன்றை என் கையில் கொடுத்தாள்.

“அம்மே, எனிக்கு இன்னு வர ஒக்காது. அம்மா ஸ்கூல் கழிஞ்சு வரும்போ இத டைப் பண்ணி ஆன்டிக்கு அயச்சிடணும். மறக்கருது.”

சாயங்காலம் ஷீபா கடையில் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தேன். அழகான இங்கிலீஷ். மூன்று கேள்விகள். அங்கே சூரியன் மறையும்போது வானம் என்ன நிறம்? நிற வில்லைகளில் தூசி படிந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? என் அம்மாவிடம் ஒரு அரக்குப் புடவை இருக்கிறது, அதை அங்கே கொண்டுபோய் விரித்தால் என்ன நிறமாகத் தெரியும்?

அதற்குக் கீழே இருந்தது இது. ‘என் அம்மாவும் ஃபிசிக்ஸ்தான் படித்தவள். ஆனால் ஸ்கூலில் மட்டும் சொல்லிக்கொடுப்பதால் அவளுக்கு இதெல்லாம் தெரியாது. நீங்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் இருந்தீர்கள் என்று சொன்னாள். என்னால் நம்பவே முடியவில்லை.’

அந்த வரியை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. மெயில் பெட்டி திறந்துதான் இருந்தது. ஜெசிந்தாவின் விலாசத்தைக்கூட அடித்துவிட்டேன். ‘என் அம்மாவும்’ என்ற இடம் வரைக்கும் போய் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம். பிள்ளை எழுதியதை மாற்றக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். ஜெசிந்தா அதை வாசித்துச் சிரிப்பதையும், அந்தச் சிரிப்பைப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு விளக்குவதையும் நினைத்தேன். பெட்டியை மூடினேன். காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

“டீச்சரே, நெட் ஸ்லோ ஆணோ?” என்று ஷீபா கேட்டாள்.

“இல்ல. கழிஞ்சு” என்றேன், முடிந்தது என்று.

வீட்டுக்கு வந்ததும் நித்யா வாசலிலேயே கேட்டாள். “அயச்சோ?”

“அனுப்பியாச்சு.”

புடவையைப் பற்றி அவள் கேட்டிருந்ததையும் வாசித்தேன்தானே, அது என்னை இளக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இளக்கவில்லை. அதையும் அவளிடமா கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது.

6

அந்த வாரமே வண்டி பேச்சை நிறுத்திவிட்டது. பேப்பரில் போட்டிருந்தார்கள். அதிலிருந்து சேதி வரவில்லை, வந்தாலும் அர்த்தமில்லாத முனகல் மாதிரி ஏதோ வருகிறது, காரணம் தெரியவில்லை என்று.

நித்யா பேப்பரோடு அடுக்களைக்கு ஓடிவந்தாள். “அம்மே, ரோவருக்குப் பனி!”

அங்கே இரவில் கடுங்குளிர் என்று எனக்குத் தெரியும். “பனி பெய்ஞ்சா அது தாங்கும்படிதான் செஞ்சிருப்பாங்க” என்றேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். அது காய்ச்சலில் கிடக்கிறது என்று அவள் சொல்கிறாள், நான் மார்கழியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் இப்படித்தான் பாதிப் பேச்சு.

இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பதில் ஏன் வரவில்லை என்று நான் கேட்காமலே எனக்கு விளக்கினாள். “ஆன்டி இப்போ ஆஸ்பத்திரில நிக்குற மாதிரி அல்லே? எங்கனெ மெயில் நோக்கும்? பாவம்.”

அப்போதாவது அனுப்பியிருக்கலாம். ஆனால் தேதி காட்டிக்கொடுத்துவிடுமே என்று பயம்.

வண்டி பிழைத்துக்கொண்டது. அதன் ஜோடி வண்டியும் கிரகத்தின் மறுபக்கத்தில் பத்திரமாக இறங்கியது. நித்யா கஃபேயில் துள்ளினாள். “இனி ஆன்டிக்கு நேரம் கிட்டும்.” தினமும் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பிப்ரவரி பாதி வரைக்கும் பார்த்தாள். ஒருநாள் பெட்டியைத் திறக்காமலே எழுந்தாள்.

“அவங்க வல்ய ஆளுகள். நம்மளெ எல்லாம் எதுக்கு?” என்றாள்.

“அப்படித்தான் மக்களே. பெரிய இடத்துக்குப் போயிட்டா...” என்று நான் தலையை ஆட்டினேன். இந்தக் கதையில் நான் செய்ததிலேயே கேவலமானது அந்தத் தலையாட்டல்தான் என்று இப்போது தோன்றுகிறது.

படம் ஒட்டிய நோட்டின் மீதிப் பக்கங்களில் ஒப்பனப் பாட்டு ஏறியது. பத்தாவது முடிந்தால் சயின்ஸ்தான் என்றவள், “கொமர்ஸ் மதி” என்று ஆரம்பித்தாள். கொமர்ஸ் போதும் என்று. கணக்கரான அவள் அப்பாவுக்குச் சந்தோஷம். ஜெசிந்தாவை என் மகளிடமிருந்து எடுத்துவிட்டால் அவள் என்னிடம் திரும்புவாள் என்று நான் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அவள் யாரிடமும் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டாள்.

நான்தான் விடவில்லை. சனிக்கிழமைகளில் தனியாக ஷீபா கடைக்குப் போனேன். ‘மோள் வந்நில்லே?’ என்று அவள் கேட்டால், டியூஷன் என்பேன். வண்டி பெரிய பள்ளம் ஒன்றின் விளிம்பில் போய் நின்றதைப் பார்த்தேன். தூரத்துக் குன்றுகளை நோக்கி அது நகர நகர, வாரத்துக்கு வாரம் அந்தக் குன்றுகள் படத்தில் பெரிதாகிக்கொண்டே வந்தன. நிறக் கண்ணாடிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். நித்யாவின் மூன்று கேள்விகளுக்கும் பதில் கண்டுபிடித்தேன். சொல்லத்தான் வழியில்லை.

மார்ச்சில் ஒரு படம் வந்தது. விடிவதற்கு முன்னால் அந்த வண்டி வானத்தைப் பார்த்து எடுத்தது. மங்கலில் ஒரு புள்ளி. அம்புக்குறி போட்டு, நீங்கள் இருப்பது இங்கே என்று எழுதியிருந்தார்கள். பூமி. அந்தப் புள்ளியில்தான் நாகர்கோவிலும் களியக்காவிளையும் ஜெசிந்தாவின் ஊரும் இருக்கின்றன. நித்யாவைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று பாதி எழுந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்துகொண்டேன்.

7

ஓணப் பரீட்சை நேரத்தில் ஜெசிந்தா அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்தாள். பிளேன் இங்கேதான் இறங்கும். நாகர்கோவில் போகிற வழியில் மத்தியானம் என் வீட்டில் சாப்பிடுகிறேன் என்று போன் செய்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

தலைமுடியைக் குட்டையாக வெட்டி, நரையை அப்படியே விட்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. “ஏட்டி, மரச்சீனி அவிச்சியா?” என்று மரவள்ளிக்கிழங்கைக் கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். அவளிடம் குறை கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன். ஊர்த் தமிழ் கூட என்னைவிடச் சுத்தமாக இருந்தது. அவளுடையதில் மலையாளம் கலக்கவில்லையே.

நித்யா மரியாதையாக வணங்கிவிட்டுத் தள்ளி நின்றாள். சாப்பிட்டுக்கொண்டே ஜெசிந்தா கேட்டாள். “என்ன மக்களே, ஒரேயடியா எழுதுறத நிறுத்திட்டே? நான் கோவிச்சுக்கிட்டேன் பாத்துக்க. எங்க ஆபீஸ்ல உன் கேள்வியைச் சுவத்துல ஒட்டிவச்சிருக்கேன்.”

“ஆன்டி தானே பதில் போடாத்தது” என்றாள் நித்யா. “ஜனவரில மூணு கேள்வி கேட்டு மெயில் அயச்சேன். அம்மாதான் அயச்சு.”

ஜெசிந்தாவின் கை இலையில் நின்றது. என்னைப் பார்த்தாள். நித்யாவும் சந்தேகத்தோடு என்னையே பார்த்தாள். நான் மரச்சீனிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே பெஞ்சில் இரண்டு வருஷம் இருந்தவள். என் முகத்தை வாசிக்க அவளுக்கு எந்தக் கண்ணாடியும் தேவையில்லை.

“ஆமா மக்களே” என்றாள் மெதுவாக. “வந்துச்சு. அந்த வாரந்தான் எங்க வண்டி படுத்துட்டுல்லா? ரெண்டு மூணு நாளு நான் வீட்டுக்கே போகல்ல. அப்புறம் விட்டுப்போச்சு. தப்பு எம்மேலதான். கேள்வியும் மறந்துட்டு. இப்பம் சொல்லு, பதில் சொல்லிருதேன்.”

நித்யா சொன்னாள். மூன்றையும், ஒரு வார்த்தை மாறாமல். ஏழு மாசத்துக்குப் பிறகு.

நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். அங்கிருந்து எல்லாம் கேட்டது. அங்கே அந்தியில் சூரியனைச் சுற்றி வானம் நீலம். தூசி படிந்தாலும் அதையும் கணக்கில் எடுத்துக் கழித்துக்கொள்வார்கள். அரக்குப் புடவை முதலில் மண்ணோடு மண்ணாகத் தெரியும், கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் கண் பழகி அரக்காகவே தெரியும். எல்லாம் எனக்குத் தெரிந்த பதில்கள். என் மகள் கலகலவென்று சிரிக்கிற சத்தம் மாசக்கணக்குக்குப் பிறகு வீட்டில் கேட்டது. என்னைக் காப்பாற்றுவதற்காக ஒருத்தி தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறாள், எனக்கோ இவ்வளவு நல்லவளாக இருப்பதும் இவளால்தான் முடிகிறது என்று வயிறு எரிந்தது.

தம்பானூரில் நாகர்கோவில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது ஜெசிந்தா கையை நீட்டினாள். “எங்கட்டி அது?”

கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. நின்றபடியே வாசித்தாள். அந்த வரிக்கு வந்தபோது எனக்குத் தெரிந்தது.

“இதுக்காகவா?”

“ஆமா.”

“நானா இருந்தா அப்பமே கிழிச்சு ஓடையில போட்டிருப்பேன்” என்றாள். சிரிக்கவில்லை. “ஆனா ஒண்ணு கேட்டுக்க. நான் பொய் சொன்னது உனக்காக இல்ல. அந்தப் பிள்ளை உன்னைப் பாத்த மாதிரி இன்னொரு தடவ பாக்கக் கூடாதுன்னு. ரொம்ப நாளைக்கு என்னைய அந்தப் பொய்யில நிக்க வைக்காத, என்னா?”

பஸ் வந்தது. காகிதத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டாள்.

8

வீட்டுக்குத் திரும்பியபோது நித்யா பழைய நோட்டை எடுத்து விரித்து வைத்திருந்தாள். உட்காராமலே சொன்னேன்.

“நித்யா, உன் மெயில் ஆன்டிக்குப் போகல்ல. நான் அனுப்பல்ல.”

“ஆன்டி கிட்டியதுன்னு பறஞ்சதே?”

“எனக்காகச் சொன்னா. காகிதம் எம் பையிலதான் இருந்துச்சு இவ்வளவு நாளும்.”

அவள் நோட்டை மூடினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். “எந்தினா?” என்று மட்டும் கேட்டாள். எதற்காக.

“பொறாமை.”

“பொறுமையோ?” நெற்றியைச் சுருக்கினாள். “அது க்ஷமையல்லே?”

அவளுக்கு அந்த வார்த்தை தெரியவில்லை. எங்கள் வீட்டில் அதை யாரும் உரக்கச் சொன்னதில்லை. எப்படித் தெரியும்? மிச்சமிருந்த வழியும் அடைபட்டது போல நின்றேன். பிறகு அவளுடைய பாஷையில் தேடி எடுத்துச் சொன்னேன்.

“அசூய.”

அது அவளுக்குப் புரிந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ஆருகிட்ட? ஆன்டிகிட்டயா?”

“ஆமா.” அதோடு நிறுத்தியிருக்கலாம். “உங்கிட்டயும்.”

“என்கிட்டயோ? எந்தினா?”

“நீயும் ஒருநாள் போயிருவே. அதான்.”

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. அப்பாவிடம் “அம்மாகிட்ட பறயணும்” என்று சொல்லி அனுப்புவாள். ஐந்தாம் நாள் சனிக்கிழமை. உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். ஷீபா கடைக்கு என்று தெரிந்தது. அங்கே தனக்கென்று ஒரு மெயில் ஐடி திறந்தாள். பாஸ்வேர்ட் அடிக்கும்போது இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டாள். நான் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் போகிறோம். பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டர். அவள் ஜெசிந்தாவுக்கு எழுதுகிறாள், சில நேரம் தனக்குள் சிரிக்கிறாள். என்ன என்று கேட்டால், “ஒந்நுமில்ல” என்கிறாள். எனக்கு இப்போதும் எரியத்தான் செய்கிறது. எழுந்து போய் எட்டிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் வண்டி குன்றின் சரிவில் ஏறி நின்று, தான் வந்த வழியைத் திரும்பி எடுத்த படம் வந்திருந்தது. இரண்டு சக்கரத் தடமும் சமவெளியில் நீளமாகக் கிடந்தன. நித்யா பிரின்ட் கேட்டாள்.

“ஒந்நு மதியோ மோளே?” என்றாள் ஷீபா. ஒன்று போதுமா?

நித்யா என் பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“ரெண்டு சேச்சி.”